போனி எம் பாட்டு பத்தி ஒரு சின்ன திருத்தம்
அண்ணே, நம்ம தோட்டத்து மண்டபத்துல நடந்த பழைய பாட்டு குவிஸ்ல, ரிவர்ஸ் ஆஃப் பாபிலோன்ங்கிற இங்கிலீஷ் பாட்டு, ஜெர்மனியில உருவான போனி எம் டிஸ்கோ குழுவோட சொந்தப் பாட்டுன்னு விடை சொன்னாங்கன்னு போட்டிருக்கீங்க, இப்ப பல பேரு அதையே ஷேர் பண்றாங்க. அது சரியில்லண்ணே. அந்தப் பாட்ட எழுதி முதல்ல பாடுனது ஜமைக்காவோட மெலோடியன்ஸ் குழு, 1970ல. வரிகள் பெரும்பாலும் பைபிள் சங்கீதம் 137லருந்து வந்தது, கோயிலுக்குப் போற நம்ம கிறிஸ்துவ சொந்தங்களுக்கு உடனே தெரியும். போனி எம் 1978லதான் பாடுனாங்க, இங்கிலாந்துல 5 வாரம் முதலிடத்துல இருந்துச்சு, நம்ம பக்கம் கல்யாண வீடுவரைக்கும் வந்து சேந்தது அவங்களாலதான், அந்தப் பெருமைய யாரும் பறிக்கல.

செக் பண்றது ஈசி. வீட்டுல போனி எம்மோட பழைய இசைத்தட்டு இருந்தா நடுவுல ஒட்டியிருக்க லேபிள்ல எழுதுனவங்க பேரைப் பாருங்க, முதல்ல வந்த தட்டுகள்ல இல்லன்னாலும், பின்னாடி வந்ததுல டவ், மெக்நாட்டன்ங்கிற பேரும் சேர்ந்திருக்கும், இந்த ரெண்டு பேரும் மெலோடியன்ஸ்காரங்க. தட்டு இல்லன்னா 1972ல வந்த த ஹார்டர் தே கம் படத்தோட பாட்டு லிஸ்ட்டப் பாருங்க, அதுலயே மெலோடியன்ஸ் பாடுனது இருக்கு, அப்ப போனி எம்ங்கிற குழுவே கிடையாது. மெலோடியன்ஸ்னு எழுதுன பிள்ளைங்களுக்கு மார்க் குடுத்துருங்கண்ணே.