அந்த ஒரு ‘ம்ம்’

இன்று காலை நடந்ததை எங்கேயாவது கொட்டாவிட்டால் எனக்கு நெஞ்சு ஆறாது. 38வது வாரச் செக்கப். எடை, பிரஷர், சிறுநீர் எல்லாம் பார்த்து முடித்து என்எஸ்டிக்குப் படுக்க வைத்தார்கள். வயிற்றுக் குழந்தை அசையும்போது அதன் இதயத்துடிப்பு ஏறுகிறதா என்று பார்க்கும் சோதனை. 20 நிமிடம்தான் என்றார்கள். வயிற்றைச் சுற்றி இரண்டு பெல்ட், கையில் ஒரு பொத்தான். குழந்தை அசையும்போதெல்லாம் அழுத்த வேண்டும். கட்டைவிரலை வைத்துக்கொண்டு காத்திருக்கிறேன், அசையவே இல்லை. வரும் வழியெல்லாம் விலாவில் உதைத்த பிள்ளை!

திரையில் 138, 136, 139. தாளில் கோடு மேலே எழும்பாமல் ஓடுகிறது. 20 நிமிடம் முடிந்ததும் டாக்டர் வந்தார். தொங்கிக்கொண்டிருந்த தாளை இழுத்துப் பார்த்தார். மறுபடி முதலிலிருந்து பார்த்தார். ‘ம்ம்’ என்றார். “இன்னும் கொஞ்ச நேரம் போடுங்க” என்று நர்ஸிடம் சொன்னார், போய்விட்டார். என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

அந்த ‘ம்ம்’முக்கு என்ன அர்த்தம் என்று நான் யாரிடம் கேட்பது? நர்ஸிடம் கேட்டேன். “டாக்டர் சொல்வாங்கம்மா.” டாக்டர் எங்கே? அடுத்த அறையில். கணவரை உள்ளே விடவில்லை. போன் இருக்கும் பை எட்டாத நாற்காலியில். கொடி சுற்றிக்கொண்டதா, தண்ணீர் குறைந்துவிட்டதா, இன்றைக்கே ஆபரேஷனா? அந்தக் கட்டிலில் நான் நினைக்காத கெடுதல் பாக்கியில்லை.

இதில் மல்லாக்கப் படுத்தே இருக்க வேண்டுமாம். இந்த மாதத்தில் மல்லாந்து படுத்தால் கர்ப்பப்பையின் பாரம் பெரிய ரத்தக்குழாயை அழுத்தும், தலை சுற்றும், இடது பக்கம் சாய்ந்து படுங்கள் என்று சொன்னதே இவர்கள்தான். மூச்சு முட்டியது, கொஞ்சம் சாய்ந்தேன். கருவி நழுவிவிட்டது. திரையில் எண் போய் இரண்டு கோடு மட்டும் நின்றது. அந்தச் சில விநாடிகள் எனக்கு எப்படிப் போயின என்று சொல்லத் தெரியவில்லை. நர்ஸ் வந்து, “அசையாதீங்கன்னு சொன்னேன்ல” என்று என்னைத்தான் திட்டினார்.

34வது நிமிடம் உள்ளே ஒரு புரளல். 139 சரசரவென்று 158 ஆனது. பொத்தானை அழுத்திய அழுத்தில் விரல் வலித்தது. நர்ஸ் எட்டிப் பார்த்து, “ஆங், முழிச்சிருச்சு. இவ்வளவு நேரம் தூங்கிட்டு இருந்திருக்கு” என்றார்.

தூங்கியிருக்கிறது! வயிற்றுக்குள் குழந்தை ஒரு தடவை தூங்கினால் 20 நிமிடம், 40 நிமிடம்கூடப் போகும். அப்போது கோடு ஏறாது. அதற்காகத்தான் நேரத்தை நீட்டிப் பார்க்கிறார்கள். தினமும் இதே வேலையாக இருப்பவர்களுக்கு இது தெரியாதா? “தூங்குது போலிருக்கும்மா, முழிக்கட்டும்.” இதைச் சொல்ல எத்தனை விநாடி ஆகும்? வெளியே கூட்டம் இருந்தது, டாக்டருக்கு ஓய்வில்லை, எல்லாம் சரி. ‘ம்ம்’ சொல்ல நேரம் இருந்ததல்லவா?

வீட்டுக்கு வந்து உட்காரவில்லை, போன். “இன்னும் வலி வரலையா?” டியூ டேட் என்பது கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து 280 நாள் எண்ணிப் போட்ட கணக்கு. அன்றைக்கே பிறக்கும் குழந்தைகள் கொஞ்சம்தான். இதை எத்தனை பேருக்கு எத்தனை தடவை சொல்வேன்? வலி வந்தால் நானே சொல்ல மாட்டேனா?

அப்புறம் அந்த ஜெல். வயிறு முழுக்கச் சில்லென்று பூசுகிறவர்கள் துடைக்க ஒரு முழத் தாளாவது தரக்கூடாதா? உள்ளங்கை அகலத்துக்கு ஒரே ஒரு டிஷ்யூ, அதுவும் தொட்டவுடன் பிய்ந்துபோகிறது. நானே குனிந்து பார்க்க முடியாத வயிற்றை அதைக் கொண்டு எப்படித் துடைப்பேன்? புடவையெல்லாம் பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தேன். அடுத்த வாரம் என் துண்டை நானே எடுத்துப் போகிறேன்.