எட்வர்ட் ஏன் அந்தக் குழியைத் தோண்டினான்?

‘ஃபுல்மெட்டல் ஆல்கெமிஸ்ட்: பிரதர்ஹுட்’ என்ற ஜப்பானிய அனிமே (அனிமேஷன் தொடர்) பற்றிப் பேச்செடுத்தாலே எல்லாரும் நினா டக்கரிடம்தான் போய் நிற்கிறார்கள். அந்தச் சிறுமிக்கும் அவள் நாய்க்கும் நேர்ந்தது யாரையும் உலுக்கும், மறுக்கவில்லை. ஆனால் தொடரின் உயிர்நாடி 20ஆம் எபிசோடில் இருக்கிறது என்பதுதான் என் கட்சி. பார்க்காதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள், முடிவு வரை பேசப்போகிறேன்.

கதை நாயகர்கள் ரசவாதம் கற்ற அண்ணன் தம்பி. எட்வர்டுக்கு 11 வயது, தம்பி அல்ஃபோன்ஸுக்கு 10. அப்பா எப்போதோ வீட்டைவிட்டுப் போய்விட்டார், அம்மா நோயில் இறந்துவிட்டாள். ஒரு பொருளை இன்னொன்றாக மாற்றும் ரசவாதத்தில், செத்தவரைத் திரும்ப உருவாக்குவது தடைசெய்யப்பட்ட காரியம். அது தெரிந்தேதான் இறங்குகிறார்கள். 35 லிட்டர் தண்ணீர், 20 கிலோ கரி, 4 லிட்டர் அம்மோனியா, ஒன்றரை கிலோ சுண்ணாம்பு என்று மளிகைச் சிட்டை மாதிரி ஒரு மனித உடம்புக்குக் கணக்குப் போடுகிறார்கள். அண்ணனுக்கு இடது கால் போகிறது, தம்பிக்கு உடம்பே போய்விடுகிறது. தம்பியின் உயிரையாவது பிடித்து நிறுத்த எட்வர்ட் தன் வலது கையையும் கொடுத்து, அந்த உயிரை ஓர் இரும்புக் கவசத்தில் ரத்த முத்திரை போட்டுக் கட்டிவைக்கிறான்.

அன்றைக்கு உருவாகி வந்தது ஒரு கோரமான உடல். கொஞ்ச நேரத்தில் அதுவும் அடங்கிவிட்டது. பக்கத்து வீட்டுப் பினாகோ பாட்டி அதைப் புதைத்தாள். அம்மாவை இரண்டாவது தடவை நாமே சாகடித்துவிட்டோம் என்ற எண்ணத்தைச் சுமந்துகொண்டுதான் இரண்டு பையன்களும் ஊர் ஊராக அலைகிறார்கள்.

பல வருடம் கழித்துத் திரும்பிவந்த அப்பா பினாகோவிடம் கேட்கிறார், நீ புதைத்தது த்ரிஷாதானா என்று. த்ரிஷா என்பது அம்மாவின் பெயர். எட்வர்டின் காதில் அது விழுகிறது. மழையில் மண்வெட்டி எடுத்துத் தோண்டுகிறான். குமட்டி வாந்தி எடுக்கிறான், அப்புறமும் தோண்டுகிறான். கிடைத்த முடியில் சேற்றைத் துடைத்துப் பார்த்தால் கறுப்பு. அம்மாவின் முடி பழுப்பு நிறம். தொடை எலும்பின் நீளமும் ஒத்துவரவில்லை. அது அம்மாவே இல்லை.

எத்தனையோ மாயாஜாலக் கதைகளில் பாவம் செய்தவன் அழுதால் போதும், இல்லையென்றால் யாருக்காவது உயிரைக் கொடுத்தால் போதும், கணக்கு தீர்ந்துவிடும். இங்கே பதினைந்து வயதுப் பையன் தான் செய்ததைத் தன் கையாலேயே தோண்டி எடுத்து, கண்ணால் பார்த்து உறுதிசெய்கிறான். செத்தவர் திரும்ப மாட்டார் என்று தெரிந்த அதே இடத்தில், தம்பி சாகவே இல்லை, அவனை மீட்க முடியும் என்ற நம்பிக்கையும் பிறக்கிறது. குழந்தையைப் பறிகொடுத்து இதே தவறைச் செய்து உள்ளுறுப்புகளை இழந்த அவர்களுடைய ரசவாத ஆசிரியை இஸுமிக்கும், உருவாகி வந்தது செத்தவரே அல்ல என்ற அந்த விஷயம் ஆறுதலாகப் போய்ச் சேர்கிறது. இந்தக் கதையை மங்காவாக (ஜப்பானியச் சித்திரக்கதை) எழுதி வரைந்த ஹிரோமு அரகாவா என்ன மாதிரி எழுத்தாளர் என்பதற்கு இந்த ஓர் எபிசோடு போதும்.

பெரியவர்கள் விஷயத்திலும் இதே நேர்மைதான். இஷ்வால் என்ற பகுதியின் மக்களைக் கொன்று குவித்த போரில் ராணுவ அதிகாரிகளான ராய் மஸ்டாங்கும் ரிஸா ஹாக்ஐயும் இருந்தார்கள். அவர்கள் மன்னிப்புக் கேட்டு ஒதுங்கவில்லை. ஒருநாள் தங்களையே போர்க் குற்றவாளிகளாகக் கூண்டில் ஏற்றக்கூடிய நாட்டை உருவாக்கத்தான் உழைக்கிறார்கள். 2003இல் வந்த முதல் அனிமேயில், பினாகோவின் பேத்தியும் சகோதரர்களின் சிறுவயதுத் தோழியுமான வின்ரியின் பெற்றோரைக் கொன்றவர் மஸ்டாங். அரகாவாவின் மங்காவிலும் 2009இல் வந்த பிரதர்ஹுட்டிலும் கொன்றவன், அந்தப் போரில் தப்பிப் பிழைத்த இஷ்வால்காரன் ஸ்கார். எனக்கு இரண்டாவதுதான் சரியாகப் படுகிறது. ஏனென்றால், அவன் காயத்துக்குக் கட்டுப் போட்டுவிட்டு, உன்னை மன்னித்துவிட்டேன் என்று நினைக்காதே என்று வின்ரி சொல்லும் இடம் அதனால்தான் கிடைத்தது.

‘ஒன்றைப் பெற அதற்கு ஈடாக ஒன்றைக் கொடு’ என்ற விதியைத் தொடரின் தத்துவமாக இணையத்தில் தூக்கிப்பிடிக்கிறார்கள். கதை அதோடு நிற்கவில்லை. கடைசியில் தம்பியை மீட்க அப்பா தன் உயிரையே தர முன்வந்தும், ஈடு கொடுக்காமலே ரசவாதம் செய்ய உதவும், மனித உயிர்களால் ஆன கல் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும், எட்வர்ட் இரண்டையும் மறுத்துத் தன் ரசவாதத் திறமையையே விட்டுக்கொடுக்கிறான். அல்ஃபோன்ஸ் எலும்பும் தோலுமாகத் திரும்புகிறான். அதற்கு முன்பே தம்பி தன்னையே ஈடாகக் கொடுத்ததால் எட்வர்டுக்கு வலது கை கிடைத்துவிட்டது. ஆனால் இடது கால் கடைசி எபிசோடிலும் இரும்புக்கால்தான். அதையும் திருப்பிக் கொடுத்திருக்கலாமே என்று சிலர் குறைப்படுகிறார்கள். கொடுத்திருந்தால் எனக்கு இந்தத் தொடர்மேல் இவ்வளவு மரியாதை வந்திருக்காது.