ஏற்காடு சாலை நுழைவாயில் வளைவையும் கொஞ்சம் பாருங்கள்

சுயாதீன இயக்குநர்கள் தங்கள் படங்களைப் பற்றியும் பிடித்த படங்களைப் பற்றியும் பேசிய ஒரு கட்டுரையை ஒரே மூச்சில் படித்தேன். எல்லோர் பட்டியலிலும் ஈரான், ஜப்பான், பிரான்ஸ். தப்பில்லை, நானும் அவற்றைப் பார்த்து வளர்ந்தவன்தான். ஆனாலும் எங்கள் ஊர்ப் படங்களை யாரும் சொல்லவில்லையே என்று சேலத்துக்காரனுக்கு ஒரு சின்ன வருத்தம்.

சென்னையை நம்பாமல் 1935-இல் டி.ஆர். சுந்தரம் இங்கே சேலத்தில் மாடர்ன் தியேட்டர்ஸ் என்ற படப்பிடிப்பு நிலையத்தைத் தொடங்கினார். மலையாளத்தின் முதல் பேசும் படமான 'பாலன்' 1938-இல் அங்கிருந்துதான் வந்தது. இன்று மிச்சமிருப்பது ஏற்காடு சாலையில் நிற்கும் அதன் நுழைவாயில் வளைவு மட்டும். பிடித்த படம் எது என்று என்னைக் கேட்டால் 1940-இல் அங்கிருந்து வந்த 'உத்தம புத்திர'னைச் சொல்வேன். கணினி இல்லாத காலத்தில் பி.யு. சின்னப்பாவுக்கு இரட்டை வேடம் கொடுத்த துணிச்சல், அப்பப்பா!

பனியை வைத்துப் படமெடுத்தேன் என்று அந்தக் கட்டுரையில் ஓர் இயக்குநர் சொல்லியிருக்கிறார். கொடுத்து வைத்தவர். நாங்கள் நான்கு பேர் ஏற்காட்டில் ஒரு குறும்படம் எடுக்கப் போனோம். இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் ஏசி காரிலேயே ஏறிவிட்டு, இறங்கியதும் கேமராவை வெளியே எடுத்தால் லென்ஸ் முழுக்க ஆவி. துடைக்கத் துடைக்கத் திரும்பப் படிந்தது. பையிலேயே மூடி வைத்து, வெளிக்காற்றின் சூட்டுக்கு மெல்ல வரவிட வேண்டும் என்பது அப்புறம்தான் தெரிந்தது. லென்ஸ் தெளிந்து முதல் ஷாட் எடுத்ததுமே மூடுபனி கலைந்து சுள்ளென்று வெயில். முதல் ஷாட்டில் பனி, அடுத்ததில் வெயில், ஆனால் கதைப்படி இரண்டுக்கும் நடுவே ஒரு நிமிடம்கூட இல்லை! சரி, அதைக் கனவுக் காட்சி என்று சொல்லிச் சமாளித்துவிட்டோம். பார்த்தவர்கள் பாராட்டினார்கள் வேறு.