மஞ்சள் உப்புத் தண்ணீர் பற்றி ஒரு சின்ன திருத்தம்
மஞ்சளும் உப்பும் போட்ட தண்ணீரில் பத்து நிமிடம் ஊறவைத்தால் காய்கறியில் உள்ள பூச்சிமருந்து முழுதாகப் போய்விடும் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். முழுதாகப் போகாதுங்க. தோல்மேல் படிந்ததில் ஒரு பகுதி போகும், ஆனால் இமிடாகுளோபிரிட் மாதிரி ஊடுருவும் மருந்துகள் செடியின் சாறோடு உள்ளேயே போய்விடுவதால் வெளியே எதைப் போட்டு அலசினாலும் எட்டாது. 2017-இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக ஆய்வில் ஆப்பிளைச் சமையல் சோடா கரைசலில் 12 நிமிடம் வைத்தும் தயாபெண்டசோல் என்ற பூஞ்சைக்கொல்லி மருந்து 80 சதவீதம்தான் போனது, மீதி தோலுக்குள் இறங்கியிருந்தது. அலசினால் மட்டும் போகாது, நாளாக ஆகத்தான் மருந்து குறையும் என்பதில் சந்தேகம் இருந்தால் உரக்கடையில் மருந்து டப்பாவோடு வரும் துண்டுச்சீட்டை வாங்கிப் படித்துப் பாருங்கள், தெளித்து எத்தனை நாள் கழித்துக் காய் பறிக்கலாம் என்று அதிலேயே போட்டிருக்கும்.