மனுப் போட்டால் விவாகரத்து ஆகிவிடாது

விவாகரத்து வழக்கு முடியுமுன்னே ஒருவர் இரண்டாவதாக மாலை மாற்றிக்கொண்ட அந்தக் கல்யாணப் புகைப்படத்தைப் பற்றி எதுவும் எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். ஆனால், "முதல் வழக்கு இன்னும் முடியவில்லையே?" என்று கேட்ட ஒரே ஒரு பெண்ணைப் பொறாமைக்காரி என்று கூட்டமாகச் சேர்ந்து ஏசியதைப் பார்த்தபின் பேசாமல் இருக்க முடியவில்லை.

குடும்ப நீதிமன்றத்தில் மனுப் போடுவது விவாகரத்து அல்ல. வக்கீல் நோட்டீஸ் அனுப்புவதும், பல வருடம் பிரிந்து வாழ்வதும் விவாகரத்து அல்ல. தீர்ப்பு வராதவரை, 1955ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டப்படி இரண்டாவது திருமணம் தொடக்கத்திலிருந்தே செல்லாது. அதோடு அது குற்றமும்கூட. 2024 ஜூலை முதல், பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 82ஆம் பிரிவு அதற்கு 7 ஆண்டுவரையும், முதல் திருமணத்தை மறைத்துச் செய்திருந்தால் 10 ஆண்டுவரையும் சிறை விதிக்கிறது.

"ஐயரும் இல்லை, அக்னியும் இல்லை, மாலைதானே மாற்றினார்கள்" என்று ஒரு சட்ட மேதை எழுதியிருந்தார். ஐயா, சுயமரியாதைத் திருமணத்துக்காக 1967இல் அண்ணா ஆட்சி இந்து திருமணச் சட்டத்தில் கொண்டுவந்த 7-ஏ பிரிவின்படி, தமிழ்நாட்டில் உறவினர், நண்பர் முன்னிலையில் மாலையோ மோதிரமோ மாற்றினாலும், தாலி கட்டினாலும் அது திருமணமே. அக்னியைச் சுற்றி ஏழடி எடுத்து வைக்கவில்லை என்று சொல்லித் தப்பிக்கப் பார்த்த ஒருவரின் வாதத்தை 2001இல் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை.

என் பெரியம்மா மகளுக்கு வரன் பார்த்தபோது, மாப்பிள்ளை வீட்டார், முதல் மனைவியைப் பிரிந்துவிட்டதாக முத்திரைத்தாளில் எழுதி நோட்டரி முத்திரை குத்திய விடுதலைப் பத்திரம் ஒன்றைக் காட்டினார்கள். நாலு ஜோசியரிடம் ஜாதகத்தைக் காட்டிய பெரியப்பா, அந்தத் தாளை ஒரு வக்கீலிடம் காட்டவில்லை. கல்யாணம் நடந்தது. அரசு ஊழியரான அந்த மாப்பிள்ளை இறந்தபின் குடும்ப ஓய்வூதியம் முதல் மனைவிக்குப் போனது. அது அந்த அம்மாவின் உரிமை. அவர்மேல் எனக்கு வருத்தமில்லை. ஆனால், கடைசிக் காலத்தில் அந்த மனிதருக்கு மலம் அள்ளிய என் அக்காவுக்கு, "சட்டப்படியான மனைவி அல்ல" என்று ஒரே வரியில் பதில் வந்தது.

"வழக்கு இழுத்துக்கொண்டே போனால் மனிதன் வாழ வேண்டாமா?" என்பீர்கள். இருவருக்கும் சம்மதம் என்றால், 6 மாதக் காத்திருப்பைத் தகுந்த வழக்குகளில் தளர்த்தலாம் என்று 2017லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சம்மதம் இல்லாத வழக்கு இழுக்கத்தான் செய்கிறது, மறுக்கவில்லை. அதற்காக, விவரம் தெரியாத இன்னொருத்தி கழுத்தில் தாலியைக் கட்டி அவளையும் வாய்தாவுக்கு அலையவிடுவதுதான் வாழ்வதா? வழக்கு நிலுவையில் இருந்தபோது செய்த இரண்டாவது திருமணம் செல்லும் என்ற உச்ச நீதிமன்றத்தின் 2018 தீர்ப்பைத் தூக்கிக்கொண்டு வருபவர்கள் அதை முழுதாகப் படிக்கட்டும். அங்கே விவாகரத்துத் தீர்ப்பு கையில் இருந்தது. மேல்முறையீடுதான் நிலுவையில் இருந்தது.

பிள்ளைகளைச் சட்டம் கைவிடவில்லை. இந்து திருமணச் சட்டத்தின் 16ஆம் பிரிவு அவர்களைச் சட்டப்படியான வாரிசுகளாக ஏற்கிறது. பெற்றோரின் சொத்தில் பங்கும் உண்டு. ஆனால் ஊர் என் அக்காவைத்தான் "வச்சிருந்தவ" என்கிறது. பத்திரம் காட்டிப் பெண் கேட்டவர்களை யாரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. ஏமாற்றப்பட்டவள் வழக்குப் போட்டிருக்கலாமே என்று இப்போதும் எவராவது வந்து கேட்பீர்கள். போட்டிருக்கலாம், அந்த மனிதர் உயிரோடு இருந்தபோதே அது பொய்ப் பத்திரம் என்று அவளுக்குத் தெரிந்திருந்தால்.