லோ வோல்டேஜில் அடி வாங்குவது பேட்டரி அல்ல, பிளக் பாயின்ட்

மின்சாரக் காரை வீட்டில் சார்ஜ் செய்யும்போது வோல்டேஜ் ஏறி இறங்கினால் காரின் பேட்டரி கெட்டுவிடும் என்று சொல்வது பாதிதான் சரி. பேட்டரிக்கு முன்னால் சார்ஜரும், பேட்டரியைக் கண்காணித்துக் காக்கும் பிஎம்எஸ் என்ற மின்னணு அமைப்பும் நிற்கின்றன. அடி வாங்குவது சார்ஜரும் சுவரில் உள்ள பாயின்ட்டும்தான்.

230 வோல்ட்டில் 3.3 கிலோவாட் சார்ஜர் என்றால் 14 ஆம்பியர் சொச்சம். மாலையில் 180க்கு இறங்கினால், கரன்டைக் கட்டுப்படுத்தாத சார்ஜர் அதே பவருக்கு 18 ஆம்பியர் இழுக்கும். 16 ஆம்பியர் சாக்கெட் சூடேறும். துளையைச் சுற்றிப் பிளாஸ்டிக் பழுப்பேறுவது முதல் அடையாளம். 'ஏசி ஓடிய பாயின்ட்தானே' என்பார்கள். ஏசி கம்ப்ரசர் விட்டுவிட்டு ஓடும், கார் ஆறேழு மணி நேரம் ஓயாமல் இழுக்கும்.

மெயின் போர்டிலிருந்து தனி லைன் போடுங்கள்: 4 சதுர மி.மீ. செம்பு வயர், கரன்ட் அளவு மீறினால் துண்டிக்கும் 16 ஆம்பியர் எம்சிபி, கரன்ட் கசிந்தால் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி. ஆர்சிசிபி 'ஏ' டைப்பாக இருக்கட்டும். மாறுமின்னோட்டக் கசிவை மட்டும் கவனிக்கும் மலிவான 'ஏசி' டைப், டிசி (நேர்மின்னோட்ட) கசிவு கலந்தால் ட்ரிப் ஆகாமலே இருந்துவிடலாம். ஸ்க்ரூக்களை வருடம் ஒருமுறை, மெயினை அணைத்துவிட்டு, இறுக்குங்கள்.

சார்ஜரில் சிவப்பு விளக்கு எரிந்து சார்ஜ் ஏறவில்லையா? சர்வீஸ் சென்டருக்கு ஓடும் முன் எர்த்தைப் பாருங்கள். லோடு ஓடும்போது நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே 5 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் குழியோ நியூட்ரல் இணைப்போ சரியில்லை. கோடையில் குழி காய்ந்துவிடும், தண்ணீர் ஊற்ற வேண்டும்.

உண்மையில் பயப்பட வேண்டியது லோ வோல்டேஜுக்கு அல்ல, கம்பத்தில் நியூட்ரல் வயர் அறுவதற்கு. அப்போது ஒரு ஃபேஸில் 230 இருந்த இடத்தில் 400 வரைகூட ஏறலாம். 270ஐத் தாண்டினால் துண்டித்து, சீரானபின் மூன்று நிமிடம் கழித்து இணைக்கும் வோல்டேஜ் ரிலே ஒன்று போதும்.