தனிய விளையாடினாலும் அது விளையாட்டுத்தான்

போன ஞாயிற்றுக்கிழமைப் படத்தை உங்களில முக்கால்வாசிப்பேர் பாத்திட்டியள். அதைத் திரும்ப இஞ்சை போடமாட்டன். சனசமூக நிலையத்துக்குள்ள நான் தனிய இருந்து ஒரு பலகை விளையாட்டு விளையாடேக்கை, யன்னலுக்கு வெளியில நிண்டு, என்னட்ட ஒரு வார்த்தை கேக்காமல் எடுத்த படம். அதுக்கு மேல எழுதின வசனமும் உங்களுக்குத் தெரியும்: "கதைக்க ஆளில்லாமல் அட்டையோட கதைக்குது எங்கட தலைமுறை." அதுக்குக் கீழ எத்தினை அழுற முகம். என்னை யாரெண்டு தெரியாமல் போட்டவையில எனக்குக் கோவமில்லை. என்னைத் தெரிஞ்சவை, ஒரே ஒழுங்கையில இருக்கிறவை, காலமை பஸ்ஸில பக்கத்தில இருந்து வாறவை "ஐயோ பாவம்" எண்டு எழுதினதுதான் எனக்கு இன்னும் செமிக்கேல்லை.

நான் அட்டையோட கதைக்கேல்லை. விளையாடினனான். தனிய விளையாடினாலும் அது விளையாட்டுத்தான்.

அந்த மேசையில விரிச்சிருந்தது ரெனிகேட் எண்ட பலகை விளையாட்டு. மச்சாள் கனடாவில இருந்து வரேக்கை உடுப்புப் பெட்டிக்குள்ள வைச்சுக் கொண்டுவந்து தந்தவ. 2018 இல விக்டரி பொயின்ற் கேம்ஸ் வெளியிட்டது. வடிவமைச்சவர் றிச்சர்ட் வில்கின்ஸ். மற்ற ஆக்களின்ர விளையாட்டுகளையும் தனி ஆளா எப்பிடி விளையாடலாம் எண்டு விதி எழுதிப் பேரெடுத்த மனிசன். பெட்டியில ஒராளில இருந்து நாலுபேர் வரைக்கும் எண்டு போட்டிருக்கு. ஆள் கிடைக்காட்டிச் சமாளிக்கலாம் எண்டு பிறகு ஒட்டின விதி கிடையாது, தனி ஆளையும் மனசில வைச்சுச் செய்தது. இதை ஏன் சொல்லுறன் எண்டால், "மற்ற மூண்டு பேரும் வரேல்லைப் போல" எண்டு ஒராள் கொமென்ற் போட்டிருந்தவர். ஒருத்தரும் வாறதா இருக்கேல்லை அண்ணை. நான் ஆரையும் பாத்துக்கொண்டு இருக்கேல்லை.

கதை இதுதான். மதர் எண்ட ஒரு செயற்கை மூளை எல்லாத்தையும் ஆண்டுகொண்டிருக்கு. அதின்ர நெற்வேர்க்குக்குள்ள களவாய் இறங்கின ஹக்கர் நீங்கள். சேர்வர் துண்டுகளைப் பொருத்தினால்தான் பலகையே உருவாகும். கையில 5 காட். எதைப் பாவிச்சு நகருறது, எதைப் பாவிச்சு வைரஸ் வைக்கிறது, எதைக் குடுத்து இன்னும் பலமான காட்டை எடுக்கிறது? கட்டில எப்பவும் 15 காட்தான். ஒண்டு உள்ள வந்தால் ஒண்டு வெளியில போகவேணும். போன சுற்றில கெட்டித்தனமா எடுத்த காட், இந்தச் சுற்றில நான் விட்ட காட்டைத் தேட வைக்கும். நீங்கள் ஒரு மூலையில வழி திறக்கேக்கை மற்ற மூலையில நெற்வேர்க் திருப்பி அடிக்கும். சின்ன நேரத்தில முடியிற விளையாட்டில்லை. ஆனால் என்ர முறையில நான் எவ்வளவு நேரமும் யோசிக்கலாம். முன்னுக்கு இருக்கிறவர் கொட்டாவி விடுவார், போனைப் பார்ப்பார் எண்ட அந்தரம் இல்லை. யோசிக்கேக்கை எனக்கு வாய் முணுமுணுக்கும், பள்ளிக்கூடத்தில கணக்குச் செய்யிற காலத்தில இருந்தே அப்பிடித்தான். அதைத்தான் படம் போட்டவர் "கதைக்குது" எண்டு எழுதினவர்.

இப்ப நீங்கள் கேப்பியள், விளையாட்டு எண்டால் நாலுபேர் கூடிச் சிரிச்சு விளையாடுறதுதானே எண்டு. ஆர் சொன்னது? பேப்பரில வாற குறுக்கெழுத்துப் போட்டியை விறாந்தையில இருந்து நிரப்பிற அப்புவைப் பார்த்து ஒருத்தரும் அழுற முகம் போடுறேல்லை. சுடோக்கு நிரப்பிறவரைப் பார்த்து "இலக்கத்தோட கதைக்கிறார்" எண்டு எழுதுறேல்லை. ஹெட்செற்றைப் போட்டுக்கொண்டு விடியும்வரை போனில சுடுற பெடியனைக் கூட ஆரும் யன்னலால படம் எடுக்கேல்லை. எங்கட பல்லாங்குழியிலயே ஒராள் விளையாடுற வகை ஒண்டு இருக்கு, சீதைப் பாண்டி. அசோகவனத்தில சீதை தனிய இருந்து விளையாடினது எண்டு சனம் சொல்லும். அந்த அசோகவனம் இருந்த நாட்டில இருந்துகொண்டு, ஒரு பொம்பிளை தனிய விளையாடுறது புதுசா வந்த வருத்தம் எண்டு சொல்லுறியளே.

பண்பாடு எண்டு ஒராள் எழுதியிருந்தவர். கிளித்தட்டு விளையாடட்டாம். கிளித்தட்டு எனக்கும் விருப்பம், தாயமும் விருப்பம். ஆனால் நீங்கள் பின்னேரத்தில வாய்க்கால் கரை மருதமரத்தடியில இருந்து அடிக்கிற 304 எண்ட காட் விளையாட்டு எந்தப் புறநானூற்றில இருக்கு? 304 எனக்கு நல்லாத் தெரியும். ஜாக்குக்கு 30, ஒன்பதுக்கு 20, எல்லாக் காட்டையும் கூட்டினால் 304 வரும், அதுதான் பேரே. அப்பாவும் சித்தப்பாவும் விளையாடேக்கை பின்னால இருந்து பார்த்துப் பழகினனான். துரும்பு ஆரிட்ட இருக்கெண்டு அப்பாக்கு முதல் எனக்கு விளங்கும். அந்த மரத்தடியில நாலாவது ஆள் இல்லாமல் றோட்டால போறவனை எல்லாம் கூப்பிடுவினம். நான் சைக்கிளில அதே றோட்டாலதான் போறனான். ஒருநாளும் என்னை ஒருத்தரும் கூப்பிட்டதில்லை. கூப்பிடமாட்டினம் எண்டு எனக்கும் தெரியும், அவைக்கும் தெரியும். கூட்டத்தில ஒரு கதிரை தராதவை, தனிய ஒரு கதிரையில இருந்தாலும் பரிதாபப்படுகினம். அப்ப நான் எங்கை இருக்கிறது?

இன்னொரு ஆள், படிச்ச ஆள்தான், "வன்னிக்கும் சைபர்பங்குக்கும் என்ன சம்பந்தம்" எண்டு கேட்டிருந்தவர். இதுக்கு நான் ஆறுதலாப் பதில் சொல்லவேணும், ஏனெண்டால் இந்த விளையாட்டில எனக்குப் பிடிச்சதே அந்தச் சம்பந்தம்தான்.

சைபர்பங்க் எண்டது 1980களில அமெரிக்காவில வளர்ந்த கதைவகை, இந்த விளையாட்டின்ர கதையும் அந்த வகைதான். சாமான் எல்லாம் உச்சத்தில, சனம் அடியில. மேல இருக்கிறவைக்கு எல்லாம் தெரியும். கீழ இருக்கிறவை கிடைச்சதை ஒட்டிப் பொருத்திச் சீவிக்கினம். இது எங்களுக்குத் தெரியாத கதையா? சண்டைக்காலப் பொருளாதாரத் தடையில பற்றரி உள்ள விட மாட்டினம். சைக்கிளைக் கவிட்டு வைச்சு, பெடலைச் சுத்தி, டைனமோவில றேடியோ கேட்ட சனம் நாங்கள். பெற்றோல் வராது, மோட்டார் சைக்கிளை மண்ணெண்ணெயில ஓட்டினவை. மேல வண்டு சுத்தும், ஆளில்லாத வேவு விமானத்தை நாங்கள் அப்பிடித்தான் சொல்லுறது. இரவு அந்த இரைச்சல் கேட்டால் அம்மா விளக்கை நூர்ப்பா. ஆரோ எங்கையோ ஒரு திரையில எங்கட கூரையைப் பார்த்துக்கொண்டிருக்கினம் எண்டு தெரிஞ்சுகொண்டே நாங்கள் சோறு திண்டனாங்கள். அதே ஒழுங்கைக்குக் கரண்ட் கம்பி வந்தது சண்டை முடிஞ்சாப் பிறகு. 2022 இல பெற்றோல் அடிக்கக் கியூஆர் வந்தது, கிழமைக்கு இவ்வளவுதான் எண்டு ஒரு போன் சொல்லும். அந்த வருசம் 13 மணித்தியாலம் கரண்ட் நிண்ட நாளுகளும் இருந்தது. நெற்வேர்க்குக்குள்ள ஒளிச்சு நடக்கிற ஒரு சின்ன ஆளை நான் அந்த மேசையில நகர்த்தேக்கை, அது எனக்கு நியூயோர்க் கதை இல்லை. அதை எழுதினவைக்கு எங்களைத் தெரியாது, எனக்கு அவையை விளங்கும். இது போதாதா சம்பந்தம்?

இதை அந்தப் படம் எடுத்தவர் கேட்டிருந்தால், நான் கதிரையை இழுத்துப் போட்டு முழுக்கச் சொல்லியிருப்பன். பழக்கியும் விட்டிருப்பன். கேக்கேல்லை.

"அக்கறையில சொல்லினம், தனிமை கூடாது, மனசுக்குப் பழுது" எண்டு இன்பொக்ஸில வந்தவைக்கும் சொல்லவேணும். தனிமை ஆக்களைத் தின்னும் எண்டு எனக்கு ஒருத்தரும் சொல்லித்தரத் தேவையில்லை. இந்த ஊரில ஆர் ஆர் அப்பிடி இருக்கினம் எண்டு எனக்குத் தெரியும், அவையிட்ட நான் போறனான். ஆனால் தனிய இருக்கிறதெல்லாம் வருத்தம் எண்டு ஆர் முடிவெடுத்தது? நீங்கள் செட்டிகுளத்தில இருந்தனீங்களோ? 2009 இல அங்கை, சண்டையில இடம்பெயர்ந்த சனத்தை வைச்சிருந்த மெனிக் பாம் முகாமில, ஒரு கூடாரத்துக்குள்ள இன்னொரு குடும்பத்தோட இருந்தனாங்கள். தண்ணிக்கு வரிசை, சாப்பாட்டுக்கு வரிசை, கக்கூசுக்கு வரிசை. அழுறதுக்கு ஒரு இடம் இருக்கேல்லை. அம்மா தலையில சீலையை இழுத்து மூடிக்கொண்டுதான் அழுதவ, அப்பவும் பக்கத்துப் பிள்ளை சீலையைத் தூக்கிப் பார்க்கும். அந்தக் கூட்டத்தைக் கூடி வாழுறது எண்டு சொல்லுவியளோ? அங்கை நான் ஆசைப்பட்டது கதவொண்டு உள்ள ஒரு அறை. ஒரு மேசை. ஒருத்தரும் என்னைப் பாக்காத ஒரு பின்னேரம்.

அது எனக்கு இப்பதான் கிடைச்சிருக்கு. ஞாயிறில அந்த நிலையத்தில ஆள் வரத்து இல்லை, மேசை பெருசு, காத்து வரும். தலைவரிட்டக் கேட்டுத் திறப்பு வாங்கி, முடிஞ்சாப் பிறகு கூட்டிப் பூட்டிக் குடுக்கிறனான். அதுக்குள்ளயும் யன்னலால ஒரு கமெரா வந்திட்டுது. பாக்கிறதையே பொருளா வைச்ச ஒரு விளையாட்டை விளையாடிக்கொண்டிருக்கேக்கை என்னைப் பாத்திருக்கினம். எனக்கு அதுதான் நோகுது. படம் வடிவில்லை எண்டதில்லை.

போட்ட படத்தை அழிக்கச் சொல்லி மரியாதையாக் கேட்டனான். பார்த்ததுக்கு அடையாளம் இருக்கு, பதில் இல்லை. "நல்ல நோக்கத்திலதானே போட்டது" எண்டு அவருக்கு வக்காலத்து வாங்கிறவை ஒண்டு செய்யுங்கோ: நீங்கள் வீட்டில சோறு திண்டுகொண்டிருக்கேக்கை யன்னலால ஒரு படம் எடுத்து, "சமைக்க ஆளில்லாமல்" எண்டு எழுதி நான் போட்டால், உங்கட மனிசி எத்தினை மணித்தியாலம் பொறுப்பா?

அம்மாக்கு ஆரோ போனில காட்டிப்போட்டினம். அவ என்னை ஏசேல்லை. ரெண்டு நாள் கழிச்சு, அரிசி புடைச்சுக்கொண்டிருக்கேக்கை, "வீட்டிலயே விளையாடன் பிள்ளை" எண்டு மட்டும் சொன்னவ. எங்கட வீட்டு மேசையில அந்தப் பலகை கொள்ளாது எண்டு அவவுக்கும் தெரியும்.

கடைசியா, பேர் சொல்லமாட்டன், எனக்குக் கணக்குப் படிப்பிச்ச ரீச்சர் ஒராள். "இந்தப் பிள்ளைக்குக் கெதியா ஒரு துணை கிடைக்கவேணும் எண்டு பிள்ளையாரைக் கும்பிடுறன்" எண்டு எழுதியிருக்கிறியள். அதுக்கு விழுந்த லைக்குகளையும் பாத்தனான். ரீச்சர், நான் ஒரு காட்டை வைக்கிறதுக்கு முதல் முணுமுணுத்துக் கணக்குப் பாக்கிறது உங்களிட்டப் பழகினது. வகுப்பில மற்றப் பிள்ளையள் சிரிக்கேக்கை, "அவளை விடுங்கோ, அவள் யோசிக்கிறாள்" எண்டு சொன்னது நீங்கள். என்ர நம்பர் உங்களிட்ட இருக்கு. எடுத்து, என்ன பிள்ளை விளையாடினனி, வெண்டியோ எண்டு கேட்டிருக்கலாம். வெண்டனான் ரீச்சர், கடைசிச் சுற்றில.